சமையல்கட்டுக் காட்டுப்பூனை

காலைச் சித்த அந்தப் பக்கம் தள்ளி வெச்சுக்குங்க. மஞ்சப்பையில இருக்கறது கருவாடுங்க. நாத்தத்துக்கு மன்னிச்சுக்கோணும். மேல வெச்சா முன்சீட்டு அம்மிணி மூஞ்சியச் சுளிக்குது. உங்களைப் பாத்தா கோவிச்சுக்கற ஆளாத் தெரியலை, அதனாலதான் இங்க வந்து உக்காந்தேன். நாங்க திங்கறதுக்கில்லீங்க. எங்கூட்டுல அந்தக் காலத்துல இருந்தே சைவம். இது சென்னிக்கு. என்ற பேரும் சென்னிதானுங்க, சென்னியப்பன். ஆனா அந்தச் சென்னி நானில்லை. அது யாருன்னு போகப் போகச் சொல்றேன். நீங்களும் உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்குந்தானுங்களே? அப்ப நேரமிருக்குது.

நான் கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருந்தவனுங்க. பம்புசெட்டுக்குப் பாகம் கடைஞ்சு குடுக்கறது. இப்ப மூத்த மருமகன் பாத்துக்கறாரு. தொழிலை விட்டதுக்கப்புறம் எனக்கு எல்லாமே ரைபிள் கிளப்புதான். எங்கப்பா தோட்டத்துக்குன்னு லைசென்ஸ் எடுத்த துப்பாக்கி ஒண்ணு ஊட்டுல இருக்குது. பேப்பரெல்லாம் சுத்தமுங்க. ஆனா தோட்டத்துல அதை வெச்சு என்ன பண்றது? தக்காளி போட்டா மயில் வருது, கடலை போட்டா பன்னி வருது. ரெண்டையும் தொட முடியாது, சட்டம் அப்படி. மயிலு வரப்புல நின்னு என்னைப் பாத்துக்கிட்டேதான் திங்கும். அதனால நான் கிளப்புல பேப்பர்ல பன்னி படம் வரைஞ்சு ஒட்டிச் சுடறவன். பேப்பர்ப் பன்னிகளுக்கு என்னைக் கண்டா நடுக்கமுங்க.

இதுல தோட்டாவுல ஒரு தினுசு இருக்குது. எந்தக் கம்பெனிக்காரனும் அதைப் பண்ணி விக்க மாட்டான். சுட்டுப் போட்ட பித்தளைக் கூட்டை எடுத்து, நாமளே அச்சுக்குள்ள வெச்சு அழுத்தி, கழுத்தை வேற அளவுக்கு ஒடுக்கிக்கோணும். கூடு பெருசு, கழுத்து சிறுசு, முன்னால சின்னக் குண்டு. சும்மா பறக்கும். வெளிநாட்டுல மொசலு, நரின்னு பயிரைக் கெடுக்கறதையெல்லாம் சுடறதுக்குத் தோட்டக்காரங்க இப்படி ஆளுக்கொரு அளவு கண்டுபுடிச்சு வெச்சிருக்கறாங்களாம். அதுக்கு வைல்ட்கேட்னு பேரு. காட்டுப்பூனை! எந்தக் கம்பெனிக்கும் அடங்காததுன்னு அர்த்தமாட்ட இருக்குது. அதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, எவன் கண்டுபுடிக்கறானோ அவன் பேரையே அந்தத் தோட்டாவுக்கு வெச்சுக்கலாம்.

சிரிக்காதீங்க. நெசமாச் சொல்றேன், என்ற பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லீங்க. ஆத்தா அப்பன் போயாச்சு. புள்ளைங்க அப்பாங்குது, பேரன் அப்பிச்சிங்கறான், பட்டறைல மொதலாளி, மச்சானுக்கு மாப்ள. எங்கூட்டுக்காரி வசந்தாமணிக்கு நான் ‘ஏனுங்க’. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ‘ஏனுங்க’தான். ஆஸ்பத்திரில சீட்டு எழுதறப்ப ஊட்டுக்காரர் பேரென்னன்னு நர்ஸ் கேட்டா, மகளைத் திரும்பிப் பாப்பா, மகதான் சொல்லோணும். புருசன் பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்னு அவிய அம்மா சொல்லி வளத்துனது. நான் கடைஞ்ச பாகம் எத்தனையோ கெணத்துக்குள்ள ஓடிட்டிருக்குது, அத்தனையிலும் வேற யாரோ பேரு. எனக்கு ஏக்கமா இருந்துச்சுங்க. ஒரு தோட்டா அளவுக்காவது என்ற பேரு இந்தப் பூமில இருக்கட்டுமேன்னு. ‘சென்னி’ன்னு அச்சுக்கூட வெட்டிட்டேன், கூட்டுக்கு அடியில குத்தறதுக்கு. மார்கழி கடைசில கிளப்புப் போட்டி. அன்னைக்கு எல்லாரும் பாக்க என்ற தோட்டாவைச் சுட்டு, பேரை வெச்சர்றதுன்னு செயலாளர் வரைக்கும் சொல்லி வெச்சிட்டேன்.

வெடிமருந்து போடறதெல்லாம் கிளப்புல, அதுக்குன்னு இருக்கற ரூம்லதானுங்க, அனுமதி வாங்கி. ஊட்டுல வெறும் பித்தளை வேலை மட்டும். அதுக்கு சமையல்கட்டை விட்டா வேற எடமே கெடையாது. மேடை கல்லு, அசையாது, அதுல அழுத்தற மெஷினைப் போல்ட் போட்டு முறுக்கிட்டேன். தேங்காத் துருவி வெச்சிருந்த எடந்தான், துருவிய எடுத்து மேல அட்டாலிப் பரண்ல வெச்சாச்சு. கழுத்தை ஒடுக்கறப்ப பித்தளை வெறைச்சுக்கிட்டு விரிசல் விடும், அதனால கேஸ் அடுப்புல சூடு காட்டோணும். நெறம் மாறுறது தெரியறதுக்கு ஜன்னலைச் சாத்தி லைட்டை அணைச்சிருவேன். அந்த நேரம் அவ இருட்டுல தாளிப்பா, பழகிக்கிட்டா. அப்புறம் கூட்டை மினுக்கறதுக்குப் புளித் தண்ணி. அதும் அவ டப்பாவுல இருக்கற பழம்புளிதான் கேக்குது, புதுப்புளில மினுக்கு வர்றதில்லை. நீங்களும் எப்பவாச்சும் பித்தளை வெளக்குனா பழம்புளி போடுங்க.

இதையெல்லாம் யார்கிட்டயாவது சொன்னாத்தானுங்களே திருப்தி. தெனமும் மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லிருவேன். மச்சான்னா வசந்தாமணிக்கு அண்ணன், நாச்சிமுத்து, கிணத்துக்கடவுல தோட்டம். அவரும் கிளப்புதான். வருசா வருசம் கடைல வாங்குன தோட்டாவைப் போட்டுக் கப்பு வாங்கற ஆளு. ஆனா போன்ல துப்பாக்கி, தோட்டான்னு பேசப்படாதுங்களே, காலம் கெட்டுக் கெடக்குது. அதனால நான் உசாரா, காட்டுப்பூனைன்னேதான் பேசுவேன். “மச்சான், இன்னைக்கு நாலு காட்டுப்பூனை கழுத்தை நெரிச்சேன், ஒண்ணு தெறிச்சுப் போச்சு. மத்ததை அடுப்புல வாட்டிப் புளித் தண்ணில முக்கி வெச்சிருக்கறேன்”னு இப்படி. வெளியாளுக்கு ஒண்ணும் வெளங்காது. பக்கத்துல இவ ஒருத்திதான் வெங்காயம் உரிச்சிட்டிருப்பா. அவளுக்கு இதுல என்ன தெரியும்.

போட்டிக்கு முந்துன வாரம் சின்ன மகளோட மாமனார் மாமியார் ஒரம்பரை வந்தாங்க. இவ விருந்து ஆக்கறா. அவசரத்துல நான் கூடு ஊறப் போட்டிருந்த புளித் தண்ணிக் கிண்ணத்தை எடுத்து ரசத்துல ஊத்திட்டா. கூடெல்லாம் கிண்ணத்துல தங்கிருச்சு, ஒண்ணு மட்டும் ரசத்தோட போயிருச்சு. சம்பந்தி டம்ளர்ல வாங்கிக் குடிச்சாருங்க. கடைசி மொடக்குல பல்லுல டங்குன்னுச்சு. எடுத்துக் கையில வெச்சுக்கிட்டுப் பாக்கறாரு. நான் காலைல இருந்து அந்த ஒண்ணைத்தான் தேடிட்டிருந்தேன். “அட, நீ இங்கதான் இருக்கறியா”ன்னு வாங்கித் தொடைச்சுச் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன். அதுக்கு மேல யாரும் ரசம் கேக்கலை.

சம்பந்தி போனதும் வசந்தாமணி பாத்திரத்தை வெளக்கிக் கவுத்தி, கையத் தொடைச்சுக்கிட்டு, போனை எடுத்துட்டு மொட்டைமாடிக்குப் போயிட்டா. சித்த நேரம் காத்து வாங்கட்டும்னு நானும் விட்டுட்டேன். தங்கமான கொணமுங்க. வேற பொம்பளையா இருந்தா அன்னைக்கே ஊரைக் கூட்டியிருப்பா.

அடுத்த நாள் காலைல வாசல்ல ஜீப்பு. காக்கிச் சட்டைல ஒருத்தர், கூட ரெண்டு ஆளு, அவங்க கையில வலை, ஒரு கூண்டு, பின்னால மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஒண்ணு பொட்டியோட. நான் கிளப்புல இருந்து பாக்க வந்திருக்கறாங்கன்னு நெனைச்சுட்டேன். போட்டிக்கு முன்னாடி சரி பாப்பாங்களாட்ட இருக்குதுன்னு. வசந்தாமணி அன்னைக்கு என்னமோ நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு, பெரிய போசில காபி போட்டே வெச்சிருந்தா.

“காட்டுப்பூனை வெச்சிருக்கீங்களா?”ன்னாரு காக்கிச்சட்டை.

எனக்கு மனசு குளுந்து போச்சு. “வெச்சிருக்கறேனுங்க. வாங்க, வாங்க, சமையல்கட்டுலதான் இருக்குது.”

“எத்தனை?”

“நாப்பதுங்க. இன்னும் நெறையப் பண்ணலாம், மொதல்ல இது போதும்னு நிறுத்தியிருக்கறேன்.”

டாக்டரம்மா “நாப்பதா!”ன்னு செவுத்தைப் புடிச்சுக்கிச்சு.

“கழுத்தை நெரிக்கறதா புகார். நீங்கதான் நெரிக்கறீங்களா?”

“பின்ன வேற யாருங்க? என்ற கையாலதான். வெளிய குடுத்தா அந்தச் சுத்தம் வராதுங்க. அடுப்புல வாட்டிட்டு மெதுவா நெரிச்சா வெடிக்காது. அவசரப்பட்டாத்தான் தலை தெறிச்சுப் போகும்.”

“புளித் தண்ணி?”

“அது மினுமினுப்புக்குங்க.”

கூண்டு வெச்சிருந்த தம்பி கூண்டைக் கீழ வெச்சிட்டான். டாக்டரம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, “நீயெல்லாம் மனுசனா? உனக்குப் புள்ளைகுட்டி இல்லையா?”ங்குது. ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க, கட்டிக் குடுத்தாச்சுன்னேன். எதுக்கு இந்தம்மா அழுவுதுன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். சரி, தொழில் மேல அவ்வளவு ஈடுபாடாட்ட இருக்குதுன்னு, அட்டாலில இருந்த முறுக்கு டப்பாவை எறக்கி, மூடியத் திறந்து, அவங்க முன்னால நீட்டுனேன். “பாத்துக்குங்க, நாப்பதும் ஒரே அளவு.”

நாலு பேரும் டப்பாவுக்குள்ள எட்டிப் பாத்தாங்க. நாப்பது பித்தளைக் கூடு மினுமினுன்னு கெடக்குது. அடுப்புல பாலு பொங்கறது மட்டும் கேட்டுச்சு.

அப்பத்தான் தெரிஞ்சுச்சு, அவரு வனத்துறை ரேஞ்சருன்னு. வெளக்கிச் சொன்னேன். பூனை இல்லைன்னதும் ரேஞ்சர் முகம் தெளிஞ்சுது, தோட்டாக் கூடுன்னதும் மறுபடி கறுத்துப் போச்சு. “இது எங்க வேலை இல்லைங்க, ஆனா பாத்துட்டேனே, சொல்லாம இருக்க முடியாது”ன்னு போலீசுக்குப் போன் பண்ணிட்டாரு. அவங்க வந்து, லைசென்ஸைச் சரி பாக்கற வரைக்கும் துப்பாக்கி, மெஷின், டப்பா எல்லாத்தையும் ஸ்டேசன்ல வெக்கச் சொல்லிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, மரியாதையாத்தான் எடுத்துட்டுப் போனாங்க. வசந்தாமணிக்குத்தான் முகம் செத்துப் போச்சு. “பூனை இல்லைன்னதும் திட்டிட்டுப் போயிருவாங்கன்னுதானுங்களே நெனைச்சேன்”னு பொலம்பறா. பாருங்க, என்ற கஷ்டத்துல எவ்வளவு பங்கெடுத்துக்கறா.

பேப்பரெல்லாம் சரின்னு திருப்பிக் குடுத்தாங்க, ஆனா அதுக்குள்ள போட்டி முடிஞ்சு போச்சு. கப்பு யாருக்கு? மச்சானுக்குத்தான். நான் அழுதேனுங்க. இந்த வயசுல வெக்கமில்லாமச் சொல்றேன், அந்தச் ‘சென்னி’ அச்சைக் கையில வெச்சுக்கிட்டு மாட்டுத் தொட்டிகிட்ட உக்காந்து அழுதேன்.

அப்புறம் ஒரு நாள் ரேஞ்சர் அந்தப் பக்கமா வந்தவரு, மனசு கேக்காம ஊட்டுக்குள்ள வந்து உக்காந்தாரு. யாருங்க சொன்னதுன்னு கேட்டேன். பேரு தெரியாதுன்னாரு. பொம்பளைக் குரலாம். ஊட்டு வழி, வாசக் கேட்டு கலரு, அட்டாலில முறுக்கு டப்பான்னு எல்லாம் சுத்தமாச் சொல்லியிருக்குது. “ஆனா வீட்டுக்காரர் பேரு கேட்டேன் பாருங்க, அதை மட்டும் சொல்ல மாட்டேன்னுடுச்சு. கண்டிப்பா வேணும்னேன். ‘சென்னிமலை இருக்குதில்லீங்க? அதுல மலைய எறக்கி வெச்சிட்டு அப்பனை ஏத்திக்குங்க’ன்னு சொல்லிட்டு வெச்சுடுச்சு.” சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. அப்புறம் சமையல்கட்டு வாசலைப் பாத்தாரு. அப்புறம் என்னமோ பொரையேறி இருமுனாரு. “உங்க வீட்டுல காபி பிரமாதம்”னு இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டாரு.

எனக்கு அந்த நிமிசமே வெளங்கிருச்சுங்க. மச்சான்! வேற யாரு? காட்டுப்பூனைன்னு நான் பேசுனது அவர்கிட்ட மட்டுந்தான். நான் சுட்டாக் கப்பு போயிரும்னு பயம். குரலை மாத்திப் பேசியிருக்கறாரு. பொறாமையைப் பாருங்க, என்ற பேரைச் சொல்றதுக்குக்கூட வாய் வரலை, வெடுகதை போடறாரு! உங்களுக்குச் சிரிப்பா இருக்குது. எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க.

உடனே போன் போட்டேன். அவரு கொலசாமி மேல சத்தியம் பண்றாரு, நானில்லை மாப்ளைன்னு. நான் விடலை. அவிய பேரனுக்குத் தையில காதுகுத்து வெச்சிருந்தாங்க. நான் வர மாட்டேன், இவளும் வர மாட்டா, இந்த ஒறவு இத்தோட சரின்னு சொல்லி வெச்சிட்டேன். வசந்தாமணி அன்னைக்குத்தானுங்க நெசமா அழுதா. கூடப் பொறந்தவ இல்லாம அண்ணன் ஊட்டு விசேசமான்னு. எனக்கும் வெசனமாத்தான் இருந்துச்சு. அந்த மனுசனோட போன்ல பேசாம எனக்குப் பொழுதே போகலை. ஆனா மானம்னு ஒண்ணு இருக்குதுங்களே, விட்டுக் குடுக்க முடியுமா?

மறுநாள் இவ மொருங்கக்காய் குடுத்துட்டு வர்றேன்னு அண்ணன் ஊட்டுக்குப் போனா. காய் குடுக்க என்ன தடைன்னு நானும் விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தா, பின்னாலயே மச்சான் வந்துட்டாரு. வந்ததும் வராததுமா, “மாப்ள, நாந்தான் போன் பண்ணேன். புத்தி கெட்டுப் போச்சு, மன்னிச்சிருங்க”ன்னாரு. எப்படிங்க? நான் சொன்னேனா இல்லையா? என்ற கணக்குத் தப்பாதுங்க.

ஆனாலும் விட மாட்டனே. “பொம்பளைக் குரல்ல எப்படிப் பேசுனீங்க? பேசிக் காட்டுங்க”ன்னேன். மச்சானுக்குக் குரலு அரிசிமில்லு ஓடறாப்பல இருக்கும். தொண்டையக் கனைச்சுக்கிட்டு, “ஏனுங்க, ரேஞ்சருங்களா”ன்னாரு பாருங்க, தொழுவத்துல கன்னுக்குட்டி மெரண்டு கயித்தை அத்துக்கிச்சு. எங்கூட்டுக்காரி முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு சமையல்கட்டுக்குள்ள ஓடிட்டா. தோளெல்லாம் குலுங்குது. அண்ணன் இப்படித் தலை குனிஞ்சு நிக்கறதைப் பாக்க அவளுக்குத் தாங்கலை, அழுகை. மச்சானுக்கும் கண்ணுல தண்ணி. மன்னிச்சிட்டேனுங்க. காதுகுத்துக்கு முன்வரிசைல உக்காந்திருந்தது நாந்தான்.

வெளிய வந்து இவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. “இந்த மெஷினாலதானுங்க நம்ம ஒறவே அத்துப் போகப் பாத்துச்சு. இது இந்தச் சமையல்கட்டுல வேண்டாமுங்க.” ஞாயந்தானே? மச்சானும் தோட்டத்துல மோட்டார் ரூம்பு சும்மாதான் கெடக்குதுன்னாரு. அங்க கொண்டு போய் மாட்டியாச்சு. இப்ப அங்க போயிட்டுத்தான் வர்றேன். அடுத்த போட்டில பேரு வெச்சிருவேன், பாருங்க. தேங்காத் துருவி பழைய எடத்துக்கே வந்திருச்சு. பழம்புளி டப்பாவை மட்டும் எங்க வெச்சிருக்கறான்னே தெரியலை.

ஆங், கருவாடு! காதுகுத்து முடிஞ்சு கெளம்பறப்ப மச்சான் ஒரு பைய என்ற கையில குடுத்தாரு. உள்ள ஒரு பூனைக்குட்டி. “காட்டுப்பூனைக்கு வெக்கோணும்னு நெனைச்ச பேரை ஊட்டுப்பூனைக்கு வெப்போம் மாப்ள”ன்னு, எல்லார் முன்னாலயும் அதுக்குச் சென்னின்னு பேரு வெச்சிட்டாரு. ஊரே கை தட்டுச்சு. எனக்கு மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, அப்புறம் எங்க பேரன் “சென்னி, சென்னி”ன்னு கூப்பிடறப்ப, கேக்க நல்லாத்தான் இருந்துச்சுங்க.

ஆனா வசந்தாமணிக்குத்தான் சங்கடம். அந்தப் பேரை அவ எப்படிச் சொல்லுவா? அதனால பூனையையும் ‘ஏனுங்க’ன்னே கூப்பிடறா. “ஏனுங்க, பால் ஆறுதுங்க, வாங்க”ன்னு உள்ள இருந்து சத்தம் வரும். நான் பேப்பரை மடிச்சு வெச்சிட்டு எந்திரிச்சுப் போவேன். அது அட்டாலில இருந்து குதிச்சு வரும். ரெண்டு பேரும் சமையல்கட்டு வாசல்ல போய் நிப்பமுங்க. கிண்ணம் தரையில இருக்கும்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்... ஆமா அம்மிணி, உக்கடம் வந்திருச்சு... வாங்கிட்டேன், நெத்திலிதான்... சரி, சரி, வெரசா வர்றேன்.

‘ஏனுங்க பசியில இருக்கறாங்க, சீக்கிரம் வாங்க’ங்கறா. அந்தப் பையை எடுத்துக் குடுங்க.